ருவான் சென் மக்லூ: பேராலயத்தின் நிழலில் ஒரு பங்குக் கோயில்

பாரிசிலிருந்து வடபிரான்சின் நார்மண்டிப் பகுதியிலுள்ள ருவான் நகருக்கு ஒரு நாள் போய்வரப் போவதாகவும், அங்கே பேராலயத்துக்குப் பின்னால் உள்ள சென் மக்லூவையும் பார்க்கச் சொல்கிறார்களே, அது வெறும் பங்குக் கோயில்தானே, அதில் அப்படி என்ன இருக்கிறது என்றும் கேட்டிருந்தீர்கள். அதன் முகப்பு ஏன் நேராக இல்லாமல் வளைந்து நிற்கிறது என்பது உங்கள் இரண்டாவது கேள்வி. இரண்டுக்கும் சேர்த்தே பதில் சொல்கிறேன்.

அது பங்குக் கோயில் என்பதுதான் அதன் சிறப்பே. பங்கு என்றால் ஒரு வட்டாரத்துக் கிறிஸ்தவ மக்கள் சேர்ந்த திருச்சபைப் பிரிவு. பேராலயம் என்றால் பேராயரும் குருக்கள் குழாமும் பின்னால் இருப்பார்கள். மடத்துக் கோயில் என்றால் மடத்தின் நிலபுலம் இருக்கும். சென் மக்லூவுக்குப் பின்னால் நின்றவர்கள் துணி வணிகர்களும் அந்த வட்டாரத்தில் குடியிருந்த சாதாரண மக்களும். பிரான்சின் பங்குகளில் கோயில் கட்டடத்தையும் அதன் வரவு செலவையும் பார்த்துக்கொண்டது பெரும்பாலும் பங்குத்தந்தை அல்ல. பங்கு மக்களிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்ட நிர்வாகிகள்தான். நார்மண்டியில் அவர்களைப் பொருளாளர்கள் என்றே அழைத்தார்கள். காணிக்கை, உயில் சொத்து, வாடகை எல்லாம் அவர்கள் கைவழியாகப் போகும். தலைமைக் கல்தச்சரை அமர்த்துவது, கல் வாங்குவது, கூலி கொடுப்பது எல்லாம் அவர்கள் பொறுப்பு. இந்தக் கோயிலின் கதையை ஓரளவாவது நம்மால் சொல்ல முடிகிறது என்றால் அவர்கள் எழுதிவைத்த கணக்குகளே காரணம்.

முதலில் இடத்தைப் புரிந்துகொள்ள வேண்டும். ருவானின் பழைய ரோமானியக் கோட்டைக்கு வெளியே, கிழக்குப் பக்கத்தில் தாழ்வான ஈர நிலம். ரொபெக், ஒபெத் என்ற சிற்றாறுகள் அதன் வழியே ஓடி செய்ன் நதியில் கலந்தன. தண்ணீர் இருந்ததால் சாயம் தோய்ப்பவர்களும் தோல் பதனிடுபவர்களும் ஆலை வைத்தவர்களும் அங்கே வந்து சேர்ந்தார்கள். பிரிட்டனி கடற்கரையில் ஆயராக இருந்தவர் என்று போற்றப்படும் புனித மக்லூவின் பெயரில் அங்கே ஒரு சிறு வழிபாட்டிடம் எழுந்தது. அந்தப் புனிதரின் இன்னொரு பெயர் மாலோ. சென் மாலோ நகரம் அவர் பெயரில்தான் வழங்குகிறது. நகரம் வளர்ந்து மதிலும் விரிந்தபோது புறநகர்ப் பங்கு நகரத்துக்குள் வந்தது. துணி வணிகம் செழித்ததால் ஏழைத் தொழிலாளரும் பெரும் பணக்காரரும் ஒரே பங்கில் அடுத்தடுத்துக் குடியிருந்தார்கள். நகரில் முப்பதுக்கும் மேற்பட்ட பங்குகள் இருந்தன. அவற்றில் சென் மக்லூவைப் பேராயரின் மூத்த மகள் என்று சொல்வது பழைய மரபு. பேராயர் மாளிகைக்கும் பேராலயத்துக்கும் சில நிமிட நடைத் தொலைவில்தான் கோயில் இருக்கிறது.

இப்போது காலத்தைப் பாருங்கள், எனக்கு இது எப்போதும் வியப்பு. நூறாண்டுப் போரில் இங்கிலாந்து மன்னன் ஐந்தாம் ஹென்றி 1418 கோடையில் ருவானை முற்றுகையிட்டான். உள்ளே இருந்தவர்கள் பட்டினியால் செத்தார்கள். 1419 ஜனவரியில் நகரம் பணிந்தது. 3,00,000 பொற்காசு தண்டம் விதிக்கப்பட்டது. 1431 மே 30 அன்று ஜோன் ஆஃப் ஆர்க்கை எரித்ததும் இந்த ஊரின் சந்தைத் திடலில்தான். பழைய கோயிலோ பழுதாகி, இனிமேல் செப்பனிட்டுப் பயனில்லை என்ற நிலைக்கு வந்திருந்தது. அப்படிப்பட்ட நகரத்தில், அந்நியர் ஆட்சி நடக்கும்போதே, பங்கு மக்கள் பழையதை விட்டுவிட்டுப் புதிதாக ஒரு கோயில் கட்டத் துணிந்தார்கள். பியேர் ரொபேன் என்ற தலைமைக் கல்தச்சர் முழுக் கோயிலுக்கும் வரைபடம் வரைந்து 1437-இல் அதற்குப் பணம் பெற்றிருக்கிறார். பிரெஞ்சு அரசன் ஏழாம் சார்ல் ருவானை மீட்டது 1449-இல். அதாவது முதல் பன்னிரண்டு ஆண்டு வேலை ஆங்கிலேயர் ஆட்சியிலேயே நடந்தது. செல்வக் குடும்பங்கள் கொடுத்தன. கட்டடத்துக்குக் காணிக்கை தருவோருக்குப் பாவத் தண்டனைக் குறைப்பு உண்டு என்று திருச்சபை அறிவித்ததால் சில்லறைக் காணிக்கையும் சேர்ந்தது.

போர்க்காலத்தில் கட்டடக்கலை உறங்கிவிட்டது என்று பொதுவாக எழுதுவார்கள். நார்மண்டியைப் பார்த்தால் அப்படிச் சொல்ல முடியாது. ருவானிலிருந்து செய்ன் நதியோடு கீழே போனால் வரும் கோத்பெக் ஊரின் பங்குக் கோயிலும் இதே ஆங்கிலேயர் காலத்தில் தொடங்கியதுதான்.

ரொபேனுக்குக் கிடைத்த இடம் சிறியது. சுற்றிலும் வீடுகள், குறுகலான தெருக்கள். கோயிலின் நீளம் ஏறத்தாழ 50 மீட்டர்தான். தூணுக்கும் தூணுக்கும் இடைப்பட்ட பகுதியை அங்கணம் என்பார்கள். பேராலயத்தின் நடுக்கூடத்தில் 11 அங்கணங்கள்; சென் மக்லூவின் நடுக்கூடத்தில் மூன்றே மூன்று. இந்த அளவில் ஒரு சாதாரண பங்குக் கோயிலுக்கு ஒரு கூடம், ஒரு மணிக்கூண்டு, ஒரு பலிபீடம் போதும். ரொபேன் அப்படி நினைக்கவில்லை. பேராலயத்தில் என்னென்ன உறுப்புகள் உண்டோ அத்தனையையும் வைத்தார்: பக்கக் கூடங்கள், குறுக்குக் கூடம், அது நடுக்கூடத்தை வெட்டும் இடத்தில் மேலிருந்து வெளிச்சம் இறங்கும் உயர்ந்த கோபுரம், பீடப்பகுதியைச் சுற்றிவரும் பாதை, அதிலிருந்து விரியும் சிற்றாலயங்கள், வெளியிலிருந்து சுவரைத் தாங்கும் வளைவுகள். எதையும் கைவிடவில்லை, எல்லாவற்றையும் சுருக்கி நெருக்கி அடுக்கினார். உள்ளே நிற்கும்போது கோயில் இவ்வளவு சிறியது என்று தோன்றாததற்குக் காரணம் இதுதான்.

குறுக்கு வெட்டில் எழும் அந்தக் கோபுரம் நார்மண்டிக்காரர்களுக்கு மிகவும் பிடித்த அமைப்பு. ருவான் பேராலயத்திலும் அருகிலுள்ள சென் உவான் மடத்துக் கோயிலிலும் அதைக் காணலாம். வேறு பகுதிகளில் மேற்கு முகப்பில் இரண்டு கோபுரம் நிறுத்துவார்கள். இங்கே கோயிலின் நடுவில் ஒன்றை எழுப்பி, அதன் அடிப்பகுதியை உள்ளிருந்து அண்ணாந்து பார்க்கும்படி திறந்துவைப்பார்கள். மூன்று அங்கண நடுக்கூடம், கோபுரம், இரண்டு அங்கணப் பீடப்பகுதி என்று வைத்தால் கோபுரம் கிட்டத்தட்ட கோயிலின் மையத்திலேயே வந்து நிற்கும். நீளம் குறைவு என்ற குறை இந்த இடத்தில் பலமாக மாறிவிடுகிறது. எந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் கட்டடம் ஒரே முனையை நோக்கி ஏறுவதுபோல இருக்கும்.

கிழக்குக் கோடியில் ஒரு வினோதம் உண்டு, பலரும் கவனிக்காமல் கடந்துவிடுவார்கள். விரியும் சிற்றாலயங்களைப் பெரும்பாலும் ஒற்றைப்படையில் அமைப்பார்கள். அப்போது நடு அச்சில் ஒரு சிற்றாலயம் வரும், பெரும்பாலும் அது அன்னை மரியாளுக்கு உரியது. சென் மக்லூவில் நான்கு சிற்றாலயங்கள். ஆகவே நடு அச்சில் வருவது ஒரு தூண். வாயிலில் நின்று நேராகப் பார்த்தால் கண் ஒரு சன்னலில் போய் முடியாமல், தூணில் பட்டு இரண்டு பக்கமும் பிரிகிறது. இது தற்செயல் அல்ல, இடநெருக்கடி மட்டும் காரணமும் அல்ல என்பது என் எண்ணம். கணக்குப் போட்டு வேலை செய்த ஒருவருடைய தெரிவு இது.

தூண்களுக்கு வருவோம். பன்னிரண்டாம், பதின்மூன்றாம் நூற்றாண்டுக் கோதிக் கோயில்களில் தூணின் தலையில் இலைவேலை செய்த போதிகை இருக்கும். அதற்கு மேல் வளைவு தொடங்கும். தூண் எங்கே முடிகிறது, வளைவு எங்கே பிறக்கிறது என்று பிரித்துச் சொல்லிவிடலாம். சென் மக்லூவில் போதிகையே இல்லை. கூர்மையான விளிம்புகள் கொண்ட பட்டைகள் தரையில் தொடங்கி, தூணின் மேல் ஏறி, தடையே இல்லாமல் வளைவாக வளைந்து, விதானத்தின் விலாக்களாகப் பிரிந்து போகின்றன. ஒரு பட்டையைத் தேர்ந்தெடுத்து, தரையிலிருந்து அது எங்கே போகிறது என்று கண்ணால் தொடர்ந்து பாருங்கள். பதினைந்தாம் நூற்றாண்டுக் கல்தச்சர்கள் எப்படிச் சிந்தித்தார்கள் என்பதை எந்த விளக்கத்தையும்விட இது நன்றாகக் காட்டும். அடிப்பீடங்களையும் பாருங்கள்: ஒரு சதுரத்தின் மேல் அதே சதுரத்தைத் திருப்பி வைத்தது போன்ற உருவங்கள் தென்படும். கையில் கவராயமும் அளவுகோலும் மட்டும் வைத்துக்கொண்டு, ஒரு சதுரத்திலிருந்து அடுத்த சதுரத்தைப் பிறப்பித்து, முழு வடிவத்தையும் கொண்டுவரும் முறை அவர்களிடம் இருந்தது.

சன்னல்களின் கல் பின்னல்தான் இந்தப் பாணிக்கே ஃபிளம்பாயன்ட், அதாவது தீச்சுடர்ப் பாணி என்ற பெயரைக் கொடுத்தது. முந்தைய காலத்துச் சன்னல்களில் வட்டங்களும் மூவிலை நாலிலை வடிவங்களும் அசையாமல் அடங்கி உட்கார்ந்திருக்கும். இங்கே கோடுகள் நெளிந்து, மேல்நோக்கி நக்கும் தீநாக்குகளாக ஓடுகின்றன. ஆனால் ரொபேன் எல்லாவற்றிலும் புதுமை தேடியவர் இல்லை. கீழே வளைவு வரிசை, நடுவே ஒடுங்கிய நடைவழி, மேலே சன்னல் வரிசை என்ற மூன்றடுக்கு அமைப்பு பதின்மூன்றாம் நூற்றாண்டுப் பேராலயங்களின் மரபு. அந்தக் காலத்தில் பலரும் நடு அடுக்கை விட்டுவிட்டார்கள். இவர் விடவில்லை. பழைய எலும்புக்கூடு, புதிய தோல் என்று சொல்வேன். சில கலை வரலாற்றாசிரியர்கள் ஒருகாலத்தில் இந்தப் பாணியை வீழ்ச்சிக்கால மிகை அலங்காரம் என்று ஒதுக்கினார்கள். சென் மக்லூவுக்குள் போய்ப் பத்து நிமிடம் நின்றால் அந்தத் தீர்ப்பு நிற்காது. வெளியே எவ்வளவு துள்ளலோ, உள்ளே அவ்வளவு கட்டுப்பாடு.

இனி நீங்கள் கேட்ட முகப்பு. மேற்கு முகமண்டபத்தில் ஐந்து வளைவுகள். அவை ஒரே கோட்டில் நிற்கவில்லை. நடுவிலுள்ளது முன்னே வர, பக்கத்தவை படிப்படியாகப் பின்வாங்கிச் சாய்கின்றன. ஒவ்வொரு வளைவுக்கும் மேல் உயர்ந்த முக்கோண முகடு. கல்லைத் துளைத்து வலைபோலச் செய்தது, பின்னால் இருப்பது அதன் ஊடே தெரியும். நடு முகடு எல்லாவற்றிலும் உயரம். ஐந்து வளைவு இருந்தாலும் கதவு மூன்றில்தான். மற்ற இரண்டும் திருப்பத்துக்காகவே வைக்கப்பட்டவை.

ஏன் இப்படி? எழுதிவைத்த காரணம் எதுவும் நம் கையில் இல்லை, தெருவே பதில் சொல்கிறது. கோயிலுக்கு முன்னால் அகன்ற திடல் இருந்திருந்தால் நேர் முகப்பு போதும். பேராலயத்தை ஒட்டி வரும் தெருவிலிருந்தும் மர்தான்வில் தெருவிலிருந்தும் வருகிறவர்கள் இந்தக் கோயிலைக் கோணலாகத்தான் முதலில் காண்பார்கள். நேர் முகப்பு அவர்களுக்கு ஒரு ஒடுங்கிய விளிம்பாகத் தெரியும். வளைந்த முகப்பு எந்தத் தெருவிலிருந்து வந்தாலும் ஒரு வளைவையாவது நேராக நீட்டி வரவேற்கும். இன்னொன்றும் உண்டு. முன்னே வளைந்த மண்டபம், அதன் முகடுகளுக்குப் பின்னே வட்டச் சன்னல், அதற்கும் பின்னே கூரை, கடைசியில் கோபுரம் என்று அடுக்கடுக்காகப் பின்வாங்கி உயர்வதால், குறைந்த ஆழத்திலேயே பெரிய தூரம் இருப்பதாகக் கண் நம்பிவிடுகிறது. அதே நார்மண்டியில் அலான்சோன் ஊர்க் கோயிலின் முகமண்டபமும் இதைப்போல மடிந்து நிற்கும். ஆனால் அதற்கு மூன்று முகம்தான், சென் மக்லூவின் வீச்சு அதில் இல்லை.

நடுவாயிலுக்கு மேலே இறுதித் தீர்ப்புச் சிற்பம். நரகத்தின் பக்கம் உள்ள சிறிய உருவங்களை நின்று பாருங்கள். முகமண்டபத்தில் பல மாடங்கள் வெறுமையாக இருப்பதையும் காண்பீர்கள். 1562-இல் சில மாதங்கள் ருவான் ஹூகனோட்டுகள் எனப்பட்ட பிரெஞ்சுப் புராட்டஸ்டன்டுகளின் கையில் இருந்தது. நகரின் கோயில்களில் அப்போது சிலைகள் உடைக்கப்பட்டன. அதோடு காலமும் மழையும். இந்தப் பகுதியில் கிடைக்கும் சுண்ணாம்புக் கல் மென்மையானது. செதுக்க வசதி, ஆனால் நகரப் புகையும் ஈரமும் பட்டால் மாவாக உதிரும். இங்கே நீங்கள் காணும் நுண்ணிய வேலை பலவும் பின்னாளில் புதுக்கியது என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

சுமார் எண்பது ஆண்டு வேலைக்குப் பிறகு 1521-இல் கோயில் நேர்ந்தளிக்கப்பட்டது. ரொபேனுக்குப் பின் பல தலைமைக் கல்தச்சர்கள் வந்துபோனார்கள். அம்புருவாஸ் அரெல், ழாக் லெ ரூ போன்றவர்களின் பெயர்கள் தெரியும். இத்தனை கை மாறியும் கட்டடம் ஒரே மனதில் பிறந்ததுபோல இருக்கிறது. முதல் வரைபடத்தை அடுத்தடுத்து வந்தவர்கள் மதித்தார்கள் என்பதைத் தவிர வேறு விளக்கம் எனக்குத் தோன்றவில்லை.

கதவுகள் தனி உலகம். கல் வேலை முடிந்து ஒரு தலைமுறை போனபின், பதினாறாம் நூற்றாண்டின் நடுவில், மறுமலர்ச்சிப் பாணியில் செதுக்கிய கருவாலி மரக் கதவுகள் வந்தன. நடுக்கதவில் இயேசுவின் விருத்தசேதனமும் திருமுழுக்கும். இடப்பக்கக் கதவில் நல்ல ஆயன். சில கதவுகளைச் சிற்பி ழான் கூழோனின் கைவேலை என்று மரபாகச் சொல்வார்கள். கதவுகளைப் பற்றி விவாதம் உண்டு. ஆனால் உள்ளே ஆர்கன் மேடையைத் தாங்கும் கொரிந்தியப் பாணித் தூண்களுக்காக 1541-இல் அவர் இங்கே வேலை செய்தார் என்பதற்கு ஆவணம் இருக்கிறது. பிற்பாடு பாரிசில் லூவர் அரண்மனையின் சிற்பங்களைச் செய்து பெரும் புகழ் பெற்றவர் அவர். புராட்டஸ்டன்ட் நம்பிக்கையை ஏற்றவர். கடைசியில் இத்தாலியின் பொலோஞ்ஞாவில் அடைக்கலம் தேடினார். ஆர்கன் மேடைக்கு ஏறும் சுழல் படிக்கட்டையும் தவறவிடாதீர்கள். கல்லிலா செதுக்கினார்கள் என்று கேட்க வைக்கும்.

இன்று வானத்தில் தெரியும் கல் ஊசிக்கோபுரம் இடைக்காலத்தது அல்ல. பழையது மரச்சட்டத்தின் மேல் ஈயத் தகடு போர்த்தியது. 1705-இல் ஒரு பெரும் புயல் அதைச் சேதப்படுத்தியது; முப்பது ஆண்டுக்குப் பின் இறக்கிவிட்டார்கள். நூறாண்டுக்கும் மேல் கோயில் மொட்டையாக நின்றது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் பார்த்தெலமி என்ற கட்டடக் கலைஞர் இப்போதுள்ளதைக் கட்டினார். உச்சி 80 மீட்டரைத் தாண்டும். பழையதின் அச்சு அசல் நகல் அல்ல, ஆனாலும் முகப்பிலிருந்து ஏறிவரும் அந்தக் கோட்டுக்கு ஒரு முடிவு அவசியம் என்பதை அவர் சரியாகப் புரிந்துகொண்டிருந்தார்.

1944-ஆம் ஆண்டை இந்த ஊர் மறக்கவில்லை. ஜெர்மானியர் கையில் இருந்த ருவானின் பாலங்களையும் ரயில் பாதையையும் உடைக்க நேச நாட்டு விமானங்கள் ஏப்ரலிலும், மே கடைசியிலிருந்து ஜூன் தொடக்கம் வரையும் குண்டு வீசின. அந்தக் கடைசி வாரத்துக்குச் சிவப்பு வாரம் என்று பெயர். பேராலயம் அடிபட்டது. சென் மக்லூவும் குண்டு விழுந்து பெரும் சேதம் அடைந்தது. சீரமைப்பு முடிந்து கோயில் மீண்டும் திறந்தது 1980-இல். உள்ளே நீங்கள் எதிர்பார்க்கும் வண்ணக் கண்ணாடி குறைவாக இருப்பதற்கும், வெளிச்சம் இவ்வளவு வெண்மையாக விழுவதற்கும் இந்த வரலாறும் ஒரு காரணம். பேராலயத்தின் மங்கிய ஒளியிலிருந்து நேராக இங்கே வந்தால் வேறுபாடு முகத்தில் அடிக்கும்.

கோயிலோடு நிறுத்திவிடாதீர்கள். மர்தான்வில் தெருவில் சிறிது தூரம் நடந்தால் ஒரு வாசல் வழியாகப் பங்கின் பழைய கல்லறை முற்றத்துக்குள் போகலாம். 1348-இல் கொள்ளைநோய் தாக்கியபோது இங்கே புதைத்துப் புதைத்து இடம் போதவில்லை. பதினாறாம் நூற்றாண்டில் நோய் மறுபடி மறுபடி வந்தது. பழைய குழிகளைத் தோண்டி எலும்புகளை எடுத்தால்தான் புதியவர்களுக்கு இடம். அந்த எலும்புகளை வைக்க 1526-க்கும் 1533-க்கும் இடையில் முற்றத்தின் மூன்று பக்கமும் மண்டபம் கட்டி, அதன் மேற்பரணில் எலும்புகளைக் குவித்தார்கள். மர உத்திரங்களில் மண்டையோடு, குறுக்கெலும்பு, மண்வெட்டி, சவப்பெட்டி எல்லாம் செதுக்கியிருக்கும். கல் தூண்களில் சாவு ஒவ்வொருவரையும் கைப்பிடித்து இழுத்துப்போகும் உருவங்கள் இருந்தன. இன்று முகம் சிதைந்த நிலையில் எஞ்சியிருக்கின்றன. தெற்குப் பக்கம் மட்டும் பதினேழாம் நூற்றாண்டில் ஏழைப் பிள்ளைகளின் பள்ளிக்காகக் கட்டியது. பின்னாளில் நுண்கலைக் கல்லூரி 2014 வரை பல பத்தாண்டுகள் இங்கேயே நடந்தது. சுவருக்குள் கிடைத்த உலர்ந்த பூனை ஒன்றையும் கண்ணாடிக்குள் வைத்திருக்கிறார்கள். கோயிலையும் இந்த முற்றத்தையும் ஒரே பங்கின் ஒரே கணக்காகத்தான் பார்க்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. முகப்பைச் செதுக்கப் பணம் கொடுத்த பங்கின் மக்கள்தான் அந்தப் பரண்களிலும் கிடந்தார்கள்.

போகும் வழி: பாரிசின் சென் லசார் நிலையத்திலிருந்து ரயில், ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம். பேராலயத்தை முதலில் பாருங்கள். பிறகு அதன் வடக்குப் பக்கமாக சென் ரொமேன் தெருவில் கிழக்கே நடங்கள். முகப்பு கோணலாகத் தெரியத் தொடங்கும் இடத்தில் சற்று நின்றால் மேலே சொன்னது புரியும். சென் மக்லூ எல்லா நாளும் திறந்திருக்காது, ஆகவே கிளம்பும் முன் நேரத்தை விசாரித்துக்கொள்ளுங்கள். பூட்டியிருந்தாலும் வெளிப்பக்கத்தை ஒரு முழுச் சுற்று வாருங்கள். வடக்கு வாயிலின் கதவு தெருவில் நின்றே பார்க்கக்கூடியது. நேரம் மிஞ்சினால் சென் உவான் வரை நடந்துவிடுங்கள், அங்கிருந்து ரயில் நிலையம் அதிகத் தூரமில்லை.